மேற்கே பார்த்து ஒருமுறை தொடவும்

சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் மரச்சாமான் கடையில் விற்ற கட்டில் திரும்பி வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டில் அல்ல, வீடு. "ரூம் பெருசுதான் அண்ணாச்சி" என்று சொல்லி வாங்கிப் போவார்கள். கட்டில் உள்ளே போனதும் அறை சிறுத்துவிடும். பீரோ கதவு பாதியில் முட்டும், ஜன்னலை எட்டித் திறக்க முடியாது. கல்யாணச் சீர் என்றால் கேட்கவே வேண்டாம். கட்டில் திரும்பிப் போன கதையைத் தெரு முழுக்கப் பேசும். சங்கரன்கோவிலில் ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும் சமயத்தில் அண்ணாச்சிக்கு இதுதான் பெரிய தலைவலி.

அந்த நேரத்தில்தான் ஷீஜா கடைக்குள் வந்து, அவருடைய போனுக்கு வாட்ஸப்பில் ஒரு இணைப்பை அனுப்பினாள்.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி."

தொட்டார். போனில் கேமரா திறந்தது. இரண்டு பீரோக்களுக்கு நடுவே வெறும் தரையாகக் கிடந்த இடத்தில், திரைக்குள் ஒரு தேக்குக் கட்டில் நின்றது. அவர் நகர்ந்தார், கட்டில் நகரவில்லை. சுற்றி வந்தார், கட்டிலின் மறுபக்கம் தெரிந்தது. குனிந்து அடியில் பார்த்தார்.

"நெசக் கட்டிலுன்னா இன்னேரம் அடியில பூனை படுத்திருக்கும்" என்றார். ஆனாலும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. "இதுக்கு என்னத்தையும் ஏத்தணுமா போன்ல?"

"ஒண்ணும் ஏத்தாண்டாம். சினிமா டிக்கெட்டுக்கு ஒரு பக்கத்தத் தொறப்பீங்கள்லா, அது மாதிரித்தான். இணைப்பத் தொட்டா கட்டில் வரும்."

ஷீஜா அழுத்திச் சொன்ன இடம் இது. செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் அந்த வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாதாரண இணைய உலாவியில், தொட்ட மாத்திரத்தில் பொருள் வந்து நிற்க வேண்டும். அதைச் செய்வதுதான் அவள் தொழில்.

திருநெல்வேலியில் பொறியியல் படித்து, சென்னையில் ஒரு விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அவர்கள் சொன்ன காலத்தில் ஊருக்கு வந்தவள். இப்போது எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. வருவாயா, மாட்டாயா என்பதை அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அம்மா ஞானபூரணம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

"ஏட்டி, இல்லாத கட்டிலக் காட்டுதது ஒரு வேலையா? அவங்க வா வான்னு கூப்பிடுதாங்கள்லா."

"அங்கயும் இல்லாததத்தான்ம்மா காட்டுதேன். அங்க டிராகன், இங்க கட்டில்."

சிரித்துக்கொண்டு சொன்னாலும், அவள் மனதில் இருந்தது வேறு. சென்னை வேலையில், தான் செய்ததை ஒருவர் பயன்படுத்தும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனை பேர் திறந்தார்கள், எந்த இடத்தில் மூடினார்கள் என்று ஒரு வரைபடம் வரும், அவ்வளவுதான். ஏன் மூடினார்கள்? வரைபடம் சொல்லாது. அந்த 'ஏன்' அவளுக்குப் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி கடைசியில் வழிக்கு வந்தார், ஆனால் வியாபாரியாகவே வந்தார்.

"ஒரு வீடு. ஒரே ஒரு வீட்டுல இதப் பாத்து ஒரு கட்டில எடுக்கட்டும். கட முழுக்க ஒங்கிட்டயே குடுக்கேன். ஒரு வருசத்துக்கு வேல கெடக்கு. எடுக்கலன்னா நீ மெட்ராஸுக்குப் போயிட்டு வா மக்கா, சந்தோசமாப் போ."

ஷீஜா சம்மதித்தாள்.

முதலில் காட்டியது ஒரு மாதிரிதான்; இப்போது கடையில் நின்ற கட்டில்களையே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அளந்து, கணினியில் கட்டினாள். ஆறடி அகலத்தில் ஒன்று, ஐந்தடி அகலத்தில் ஒன்று. கணினிக்குள் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. தலைமாட்டில் செதுக்கிய மயிலுக்கு மட்டும் மற்ற கட்டில் முழுவதையும்விட அதிக முக்கோணம் பிடித்தது. முக்கோணம் கூடினால் பாரம் கூடும், பாரம் கூடினால் சிக்னல் குறைந்த இடத்தில் கட்டில் வராது. மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் ஜன்னலோரம் இணைப்பைத் திறந்து திறந்து பார்த்தாள். மயிலின் தோகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னம்மா, பஸ்ஸுக்குள்ள கட்டிலப் போடுதே?" என்று கேட்டுவிட்டு, டிக்கெட் எடுக்கவும் மறந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் வீட்டை அண்ணாச்சியே காட்டினார். கடையநல்லூர் ரசீதா. மகள் ரிஸானாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வந்து தங்குவதற்கென்று மாடியில் புது அறை கட்டியிருந்தார்கள். கட்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியவன் மகன் சிஹாபுதீன், அவன் கத்தாரில் இருந்தான். இணைப்பு போனது. அன்று சாயங்காலமே அண்ணாச்சியின் போன் வந்தது.

"ஷீஜா, அவுகளுக்குத் தல சுத்துதாம்."

"ஏன் அண்ணாச்சி? கட்டில் வரலியா?"

"வந்துட்டு, நல்லாத்தான் இருக்காம். ஆனா சொன்ன எடத்துல நிக்க மாட்டேங்காம். மேக்க தள்ளுனா கெழக்க வருதாம். பேய்க் கட்டிலுன்னு சொல்லுதாவ. எனக்கு எதுக்கும்மா இந்தப் பேரு?"

ஷீஜா தன் வீட்டுக் கூடத்தில் திறந்து பார்த்தாள். கட்டில் சொன்ன பேச்சைக் கேட்டது. மாடியில் பார்த்தாள், அங்கும் கேட்டது. வெள்ளிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மறுநாள் காலையில் கடையநல்லூர் பஸ் ஏறினாள்.

ரசீதாவின் வீட்டில் முதலில் டீ வந்தது, பிறகு வடை வந்தது, அதன் பிறகுதான் மாடிக்குக் கூட்டிப்போனார்கள். ஷீஜா அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் கை தானாகப் போய்ப் போனை வாங்கிவிடும்.

"நேத்து செஞ்ச மாதிரியே செய்யுங்க. நான் இங்கன இல்லன்னு நெனச்சுக்கிடுங்க."

ரிஸானா ஒரு போனில் கட்டிலை வரவழைத்தாள். ரசீதா இன்னொரு போனில் சிஹாபுதீனைக் கூப்பிட்டு, அதை மகளின் போன் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கால்மாடு எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் ரசீதா.

"மேக்க, மலைப் பக்கம் உம்மா."

"ஆகாது. கிப்லாவப் பாத்தா, தொழுவுத பக்கமா கால நீட்டுதது? தலமாட்ட மேக்க போடு."

ரிஸானா திருப்பும் பொத்தானை அமுக்கினாள். கட்டில் அழகாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

"இன்னும் கொஞ்சம் மேக்க தள்ளு. செவரோட ஒட்டட்டும்."

"மேக்கன்னா எந்தப் பட்டன்? இதுல இடது வலதுதான இருக்கு."

கத்தாரிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "வலதுல தள்ளுட்டி."

"யாரு வலது?"

"ஒன் வலதுதான். என் வலது இங்கல்லா இருக்கு."

ரிஸானா வலதை அமுக்கினாள். கட்டில் மேற்கே போனது. இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. சரியாகப் பார்க்கலாம் என்று அவள் அறையின் எதிர்ப்பக்கம் நடந்து போய், ஜன்னலை ஒட்டி நின்று, மறுபடி அதே வலதை அமுக்கினாள். கட்டில் சரசரவென்று கிழக்கே வந்து அறையின் நடுவில் நின்றது.

"ஏட்டி! மேக்க தள்ளச் சொன்னா கெழக்க கொண்டாந்து வைக்கே!"

"அதே பட்டனத்தான உம்மா அமுக்குனேன்!"

"போனத் தலகீழாப் பிடிச்சிருப்பா" என்றான் சிஹாபுதீன்.

"ஒனக்கு அங்க வெயில் மண்டைல ஏறிட்டு. பேசாம இரு" என்றாள் ரிஸானா.

ஷீஜா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் போய் நின்றதும் ரிஸானாவின் வலதும் அவளோடு திரும்பிவிட்டது. ஆள் எங்கே போனாலும் வலது கூடவே வரும். மேற்கு வராது, அது நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்கிற ஒன்றை, நடக்கிற ஒன்றால் தள்ளச் சொல்லிப் பொத்தான் வைத்திருந்தாள் அவள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளைக் குடைந்த கேள்வி வேறு. இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது?

அவள் வீட்டில் மட்டும் வேறு என்ன பேச்சு? "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காரு." "உப்பு டப்பா வடக்க இருக்கு பாரு." சாப்பாட்டு மேசையில் கூட திசைதான். ஆனால் கணினிக்கு முன் உட்கார்ந்தால் இடதும் வலதும் என்று மாறிவிடுவாள், மாறுவதே தெரியாமல். கடையில் அண்ணாச்சி "கொஞ்சம் தெக்க போட்டுக் காட்டு" என்றபோது, அவர் கையிலிருந்து போனை வாங்கி இடதை அமுக்கியது அவள்தான். நடுவே அவளே மொழிபெயர்ப்பாளராக நின்றதால் எல்லாச் சோதனையும் வெற்றியாகவே முடிந்தது. வெளியூர்க்காரி யாராவது செய்திருந்தால் "தெக்கன்னா எந்தப் பக்கம்?" என்று முதல் நாளே கேட்டிருப்பாள். உள்ளூர்க்காரிக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கட்டிலுக்கும் திசை உண்டு என்பது தோன்றாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணாச்சியின் ஆட்கள் வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ரசீதா வீட்டில் மேற்கே கால் நீட்ட மாட்டார்கள். ஷீஜாவின் வீட்டிலோ, ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தால், ஃபேன் காற்று வருகிற பக்கம்தான் தலைமாடு.

வழி சுலபம் என்றுதான் முதலில் நினைத்தாள். எல்லாப் போனிலும் திசைகாட்டி இருக்கிறதே! உலாவி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மறுநாளே எழுதி முடித்துக் கடைக்குக் கொண்டுபோனாள். அண்ணாச்சி போனைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஒரு நடை போனார், வந்தார்.

"ஒன் கணக்குப்படி சூரியன் கெழக்க கெடக்குத குருவிகுளத்துப் பக்கம் போயில்லா மறையுது!"

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். காந்தப் பட்டை வைத்த மடிப்பு உறை. அதைக் கழற்றினாள். குருவிகுளத்திலிருந்து சூரியன் கொஞ்சம் நகர்ந்தது, ஆனால் வீடு போய்ச் சேரவில்லை. அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தாள். வரிசை வரிசையாக இரும்பு பீரோ. ஒரு பீரோவின் பக்கத்தில் போனைக் கொண்டுபோனாள், மேற்கு மயங்கியது. எடுத்தாள், தெளிந்தது. அடுத்த பீரோவிடம் வேறு மாதிரி மயங்கியது. இது எவ்வளவு தூரத்தில் தொடங்குகிறது, கதவு பக்கம் அதிகமா, முதுகுப் பக்கம் அதிகமா என்று பார்த்துப் பார்த்து, பிரச்சினையை மறந்து, அரை மணி நேரம் பீரோக்களுக்கு நடுவே உலாவினாள். நாற்காலி வாங்க வந்த ஒரு பெண், "அந்தப் பிள்ள என்ன, பீரோவுக்குக் காய்ச்சல் பாக்கா?" என்று கேட்டார்.

கல்யாண அறை என்றால் பீரோ இல்லாமலா? இந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது.

"மேக்க எது அண்ணாச்சி?" என்று சலிப்போடு கேட்டாள்.

டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார். "அந்தா."

ஷீஜா நாற்காலி வாங்க வந்த பெண்ணிடம் திரும்பினாள். "ஒங்களுக்கு?" அந்தப் பெண் கடைக்கு முதல்முறை வந்தவர். வாசலில் விழுந்த நிழலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே பக்கம் கையை நீட்டினார். டீ கொண்டுவந்தவர் காலிக் கிளாஸாலேயே காட்டினார். மூன்றும் ஒரே பக்கம்.

"எதுக்கும்மா கேக்கே?" என்றார் அண்ணாச்சி.

"போனுக்குத் தெரியல. ஒங்களுக்கெல்லாம் தெரியுது. பேசாம ஒங்ககிட்டயே கேட்டுட வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து எழுதினாள். எழுதியதைவிட அழித்ததே அதிகம். திசைகாட்டி போனது, அதற்கான அனுமதிக் கேள்விகள் போயின. இணைப்பைத் திறந்தவுடன் திரையில் ஒரே ஒரு வரி: 'மேற்கே பார்த்து ஒருமுறை தொடவும்.' தொட்ட கணத்தில் போன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அதுதான் மேற்கு. அறைக்குள் ஆள் எப்படிச் சுற்றினாலும் கேமராவைக் கொண்டு அதை உலாவி மறக்காமல் வைத்துக்கொள்ளும். கட்டிலைச் சுற்றித் தரையில் நான்கு அம்புகள், நான்கு திசைக்கு. தலைமாடு எந்தப் பக்கம் என்பது கட்டிலின் மேல் எழுத்தில். திசை தெரியாதவர் யாராவது இருந்தால் இருக்கட்டும் என்று பழைய இடது வலதையும் ஓர் ஓரமாக விட்டுவைத்தாள்.

அம்மாவிடம் கொடுத்தாள். ஞானபூரணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேற்கே பார்த்துத் தொட்டு, கூடத்தில் கட்டிலைப் போட்டார். "வடக்க... இன்னும் வடக்க... போதும்" என்று அவரே சொல்லி அவரே தள்ளினார். ஒருமுறை கூட 'எப்படி?' என்று கேட்கவில்லை. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவர், வெறும் தரையில் கட்டில் நின்ற இடத்தைச் சுற்றி வளைந்து போனார். ஷீஜா பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. புது இணைப்பைக் காலையிலேயே ரசீதாவுக்கு அனுப்பினாள். ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கத்தாரில் சிஹாபுதீனுக்கு நேரம் ஒத்துவந்த பிறகுதான் பார்ப்பார்கள். நேரில் போகவில்லை. போனால் முகத்தைப் பார்த்ததும் உதவி செய்துவிடுவோம் என்று தன்மேலேயே அவளுக்குப் பயம். சென்னை நிறுவனத்தின் மேனேஜர் ப்ரியதர்ஷினி சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அண்ணாச்சி கூப்பிட வேண்டும்.

நாலு மணிவாக்கில் கூப்பிட்டார்.

"பெரிய கட்டில் வேண்டாம்னுட்டாவ, மக்கா."

"மறுபடியும் சுத்துதாமா?"

"இல்ல இல்ல. சொன்ன எடத்துல கல்லு மாதிரி நின்னுதாம். அதான் வென. தலமாட்ட மேக்க போட்டு, செவரோட ஒட்டி வச்சுப் பாத்திருக்காவ. அந்தப் பொண்ணு சும்மா இருக்காம பாத்ரூம் கதவத் தொறந்திருக்கு. கதவு கட்டிலுக்குள்ள போகுதாம்! தெக்க தள்ளுனா பீரோவுக்கு எடமில்ல. அவ அண்ணன் அங்கன இருந்து, ஆறடி ஆகாது, விட்டுருன்னுட்டான்."

"அப்போ கட்டில் போகல."

"பேச விடேன். ஆறடி போகல. அதுலயே அஞ்சடியத் தொட்டுப் பாத்திருக்காவ. கதவும் தொறக்கு, பீரோவுக்கும் எடம் இருக்கு. அஞ்சடிக்கு இப்பதான் அட்வான்ஸ் போட்டு விட்டான்." ஒரு பெருமூச்சு விட்டார். "இது இல்லன்னா பெருசத்தான் எடுத்திருப்பாவ. எனக்கு அது லாபம். ஆனா இன்னொரு கட்டிலத் திருப்பி எறக்க என் இடுப்புல தெம்பு இல்ல. சரி, சொன்னது சொன்னதுதான். கட ஒங்கிட்ட."

ஷீஜா நன்றி சொல்வதற்குள் அவரே குறுக்கிட்டார். "ஒரு சந்தேகம் கேட்டாவ. எனக்குப் பதில் தெரியல. அந்தப் பாத்ரூம் கதவத் தொறந்து பாத்தாவள்லா, அது மாதிரி ஒன் பீரோவுக்குக் கதவு தொறக்குமான்னு கேக்காவ."

"பீரோவே இன்னும் செய்யலியே அண்ணாச்சி."

"அப்பம் செய்யி."

ஆறு மணிக்கு ப்ரியதர்ஷினி கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு உண்டு, அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"வர்றீங்களா ஷீஜா?"

"இல்ல மேடம். இங்கயே ஒரு வருஷத்துக்கு வேலை கிடைச்சிருக்கு."

"என்ன புராஜெக்ட்?"

"கட்டில், பீரோ."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "உங்களுக்கு இது போதுமா?"

"இங்க ஒருத்தர் பாதியில மூடினா, பஸ் ஏறிப் போய், ஏன் மூடினீங்கன்னு கேட்கலாம் மேடம். வடையும் தருவாங்க."

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும் வந்து, "ஒரு வருசம் முடிஞ்ச பொறவு?" என்றார்.

"தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்லுத மொகத்தப் பாரு" என்று சொல்லிவிட்டு, தோசை மாவைக் கலக்கப் போனார்.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே ஷீஜா அங்கே இருந்தாள். கையில் அளவு நாடா. முதல் பீரோவின் கதவைத் திறந்தாள், மூடினாள். வலக்கதவைத் திறக்காமல் இடக்கதவைத் திறக்க முடியவில்லை. அடுத்த பீரோவில் இது மாறியிருந்தது. மூன்றாவதில் கண்ணாடி பதித்த கதவு, பாரத்தால் தானாகவே கொஞ்சம் சரிந்து திறந்துகொண்டது. ஏன் இப்படி, எல்லா பீரோவும் ஒரே பட்டறையில் செய்ததுதானே என்று கேட்டாள். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் விற்றவர், தானும் ஒரு கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து, வரிசையாகத் திறந்து கிடந்த பீரோக்களையும் நடுவே தரையில் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தவளையும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, களவு போயிட்டா?"

"இல்ல வே" என்றார் சுயம்புலிங்கம், நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே. "கதவு எப்படித் தொறக்குதுன்னு பாக்கோம்."